கல்லும் கடவுளும் நடுவே சிற்பியும்

தன் கையால் செதுக்கிய உருவத்தின் முன் ஒருவன் கைகூப்பி நிற்கும்போது அவன் தான் செய்த பொருளை வணங்குகிறானா, தன்னைப் படைத்த பரம்பொருளை வணங்குகிறானா என்னும் வினா, உருவ வழிபாட்டை ஏற்ற சமயங்களிலும் அதை மறுத்த சமயங்களிலும் நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வருகிறது. இதற்குத் தத்துவ நூல்கள் தரும் விடைகள் பெரும்பாலும் வழிபடுபவனையும் வழிபடப்படும் தெய்வத்தையும் பற்றியவையாகவே அமைந்துவிடுகின்றன. இவ்விருவரும் சந்திப்பதற்கு முன்பே கல்லைத் தேர்ந்து, தட்டிப் பார்த்து, உளி வைத்த மூன்றாமவனாகிய சிற்பிக்கு அந்த விடைகளில் இடம் கிடைப்பது அரிது. தமிழும் மலையாளமும் கலந்து வழங்கும் பாலக்காட்டு, இடுக்கி எல்லைப் பகுதிகள் இவ்வினாவை ஆராய ஏற்ற களம். உளியே படாமல் புனிதமெனக் கருதப்பட்ட கல், செதுக்கப்பட்டுத் தெய்வமான கல், செய்தவர் பெயர் நன்கு தெரிந்தும் தெய்வமாகாத சிலை ஆகிய மூன்று வகையும் இந்த மலையடிவாரங்களில் உள்ளன.

இடுக்கி மாவட்டத்தின் வடகிழக்கு மூலையில், உடுமலைப்பேட்டையிலிருந்து சின்னாறு வழியாக மலையேறிச் சென்றால் வரும் மறையூரும் காந்தளூரும், அஞ்சுநாடு என்று வழங்கும் ஐந்து பழைய ஊர்களின் தொகுதியைச் சேர்ந்தவை. அங்குள்ள பாறை மேடுகளில், பலகைக் கற்களைச் சுவர்போல நிமிர்த்தி அவற்றின்மேல் ஒரு பெருங்கல்லை மூடியாக ஏற்றி அமைத்த கல்திட்டைகள் பல நிற்கின்றன. இவை பெருங்கற்கால மக்கள் தம் இறந்தோருக்காக எழுப்பிய ஈமச்சின்னங்கள் என்பது தொல்லியலாளர் கருத்து. ஆனால் ஊரார் இவற்றை முனியறைகள், அதாவது முனிவர்கள் தவம் செய்த அறைகள், என்று அழைக்கின்றனர். வனவாசத்தில் பாண்டவர் தங்கிய இடம் என்று கூறுவோரும் உண்டு. இங்கே கல் மாறவில்லை, அதில் எவரும் புதிதாக ஓர் உருவத்தைப் பொறிக்கவுமில்லை. அதைச் சுற்றி வாழ்ந்த மக்கள் மாறியபோது கல்லின் புனிதம் மட்டும் வேறு பொருள் பெற்றது. கல்லின் தெய்வத்தன்மை கல்லின் இயல்பு அன்று, அதைப் பேணும் மக்களோடு அதற்குள்ள உறவு என்று கொள்வதற்கு இது முதற்சான்று.

பாலக்காட்டுக் கல்பாத்தி இதே கருத்துக்கு மற்றொரு கோணத்தைத் தருகிறது. கல்பாத்திப் புழையின் கரையிலுள்ள விசுவநாதர் கோயில், காசிக்குச் சென்று சிவலிங்கம் கொண்டுவந்த இலட்சுமி அம்மாள் என்னும் கைம்பெண், பாலக்காட்டு அரசரிடம் 1320 பொற்காசுகளை ஒப்படைத்து 1425ஆம் ஆண்டில் எழுப்பச் செய்தது என்பது மரபு. காசியில் பாதி கல்பாத்தி என்னும் பழமொழி அந்தப் பயணத்தின் வழியாகவே பொருள் பெறுகிறது. பயணத்தால் மட்டுமன்றித் தோன்றிய விதத்தாலும் கல் உயர்வு பெறுவதுண்டு: நருமதை ஆற்றில் நீரோட்டத்தால் உருண்டு வழுவழுப்பான பாணலிங்கத்தையும் கண்டகி ஆற்றுச் சாளக்கிராமத்தையும், தானாகத் தோன்றியவை என்னும் பொருளில் சுயம்பு என நூல்கள் வகைப்படுத்தி, செதுக்கிய உருவங்களைவிட உயர்த்திப் பேசுகின்றன. மனிதக் கை படாதது மேலானது என்னும் இந்தத் தரவரிசையில், சிற்பியின் உழைப்பு ஒரு குறையாகக் கருதப்படும் போக்கு தொடங்கிவிடுகிறது.

செதுக்கிய கல்லுக்கு இப்பகுதியின் தலையாய சான்று, குமுளிக்கு அருகே பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1337 மீட்டர் உயரத்தில், கேரளமும் தமிழகமும் தொட்டுக்கொள்ளும் மலைமுகட்டில் சிதைந்து நிற்கும் மங்கலதேவி கோயில். சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்கு எடுத்த கோட்டம் இதுவே என்று ஆய்வாளர் சி. கோவிந்தராசனார் 1960களில் நிறுவ முற்பட்டார். கொடுங்கல்லூர்ப் பகவதி கோயிலைக் கண்ணகியோடு இணைக்கும் மரபும் கேரளத்தில் வலுவாக உள்ளது. இடம் எதுவாயினும், கல் தெய்வமாகும் முறையைச் சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டம் போல விரிவாகச் சொல்லும் பழைய நூல் தமிழில் வேறில்லை. நடுகல் எடுப்பதற்குத் தொல்காப்பியம் ஆறு நிலைகளை வகுக்கிறது: தகுந்த கல்லைத் தேர்ந்து காண்பது காட்சி, அதைக் கொண்டுவரத் தொடங்குவது கால்கோள், நீராட்டுவது நீர்ப்படை, நிறுத்துவது நடுதல், சிறப்புச் செய்வது பெரும்படை, வாழ்த்துவது வாழ்த்தல். இந்த வரிசையைத் தழுவியே இளங்கோவடிகள் தம் காதைகளுக்குப் பெயரிட்டார். பொதியமலைக் கல்லை எடுத்துக் காவிரியில் நீராட்டலாம், இமயக் கல்லை எடுத்துக் கங்கையில் நீராட்டலாம் என்னும் இரு வழிகளுள், தன் குலத்தின் வீரத்துக்கு ஏற்றது இரண்டாவதே என்று செங்குட்டுவன் முடிவு செய்கிறான். அவனை எதிர்த்த வடநாட்டு மன்னர் கனகனும் விசயனும் தோற்று, அந்தக் கல்லைத் தலையில் சுமந்து வருகின்றனர்.

இந்த நெடிய கதையில் கல்லை விரும்பிய அரசனுக்கும், சுமந்த பகைவருக்கும், அதன்முன் வரம் வேண்டிய வேற்றுநாட்டு வேந்தருக்கும் பெயர் உண்டு. இலங்கையின் கயவாகுகூடப் பெயரோடு வருகிறான். படிமத்தைச் செய்தவர்களோ வல்லமை மிக்க கைவினைஞர் என்னும் பொதுச்சொல்லோடு ஓர் அடிக்குள் அடங்கிவிடுகின்றனர். உருவம் முடிந்ததும் அரசன் கடவுள் மங்கலம் செய்யுமாறு ஏவுகிறான். படிமத்தில் தெய்வத்தை எழுந்தருளச் செய்யும் சடங்குக்கு வழங்கும் இச்சொல் சிற்பியின் வேலை வேறு, தெய்வமாக்கும் வேலை வேறு என்னும் பிரிவினையைத் தெளிவாகக் காட்டுகிறது.

அந்தப் பிரிவினைக்கு முன்பு சிற்பி செய்வது என்ன என்பதை அருகிலிருந்து பார்க்க வேண்டும். சிற்பநூல் அறிந்து கோயிலையும் உருவத்தையும் அமைப்பதில் தலைமை ஏற்பவர் ஸ்தபதி எனப்படுவார். அவர் பாறையிலிருந்து பிளந்தெடுத்த கல்லைச் சுத்தியலால் தட்டி, எழும் ஓசையைக் கொண்டு ஆண்கல், பெண்கல், அலிக்கல் என வகை பிரிக்கிறார். மணியோசைபோல நீண்டு ஒலிப்பது ஆண்கல். அது தேவர் உருவங்களுக்கு உரியது. மென்மையாக ஒலிப்பது பெண்கல். அது தேவியர் உருவத்துக்கும் பீடத்துக்கும் ஆகும். ஓசை எழாத அலிக்கல் அடித்தளத்துக்குப் போகும். உள்ளே வெடிப்போ குழியோ உள்ள கல்லைத் தேரை உள்ள கல் என்று ஒதுக்குவார்கள். கல்லின் மேற்பரப்பில் காவியால் நடுக்கோடு இட்டு, நெற்றி முதல் மோவாய் வரையுள்ள முகநீளத்தைத் தாலம் என்னும் அலகாகக் கொண்டு உறுப்புகளின் எல்லைகளை அவர் குறிக்கிறார். சிவன், திருமால் ஆகியோருக்கு 124 அங்குலம் கொண்ட உத்தம தசதாலமும், தேவியருக்கு 120 அங்குலம் கொண்ட மத்திம தசதாலமும் விதிக்கப்பட்டுள்ளன. இங்கே அங்குலம் என்பது உருவத்தின் உயரத்தையே வகுத்துப் பெறும் சிற்றலகு. ஒவ்வொரு முறை உளி ஓடியதும் காவிக்கோடுகள் கல்தூளோடு உதிர்ந்துபோவதால், அவற்றை மீண்டும் மீண்டும் வரைந்துகொண்டே செதுக்குவது இத்தொழிலின் நாள்தோறும் உள்ள பாடு.

வேலையின் இறுதிக்கட்டம் கண் திறத்தல். உருவம் முழுவதும் நிறைவுற்ற பின்னரும் கண்ணின் கோடுகள் பொறிக்கப்படாமலே விடப்பட்டிருக்கும். நல்ல நேரம் பார்த்து ஸ்தபதி பொன்னூசியால் இமையையும் கருவிழியையும் பாவையையும் வரைந்து உளியால் தொட்டு முடிக்கிறார். திறந்த கண்ணின் முதற்பார்வை ஆவும் கன்றும், நெற்குவியல், கண்ணாடி போன்ற மங்கலப் பொருள்கள்மீது விழ வேண்டும் என்பது விதி. பார்வையைத் தந்தவனே அந்தப் பார்வைக்கு முதலில் இலக்காகக் கூடாது என்பது இதன் உட்பொருள். பிறகு ஸ்தபதிக்குத் துணியும் பொன்னும் அளித்து மரியாதை செய்து விடைகொடுக்கின்றனர். சடங்குகளை நடத்தும் ஆசாரியர் பொறுப்பேற்று, உருவத்தை நீரிலும் தானியத்திலும் கிடத்தி, கருவறையில் நிறுத்தி, பீடத்தோடு பிணைக்க அட்டபந்தனம் சாத்துகிறார். கொம்பரக்கு, சுக்கான்தூள், குங்குலியம், காவிக்கல், செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் ஆகிய எட்டையும் நாள்கணக்கில் இடித்துப் பிசைந்து ஆக்கும் சாந்து இது. இவற்றோடு, சிற்பியின் கையும் கருவியும் பட்டதால் நேர்ந்த குறையைப் போக்கும் தூய்மைச் சடங்கும் சில ஆகம முறைகளில் உண்டு.

இந்தச் சடங்குகளுக்குப் பின்னுள்ள கொள்கையை வைணவமும் சைவமும் வெவ்வேறு வகையில் விளக்குகின்றன. இறைவன் பரம், வியூகம், விபவம், அந்தர்யாமி, அர்ச்சை என ஐந்து நிலைகளில் இருப்பதாகக் கூறும் வைணவம், இறுதியான அர்ச்சையை, அதாவது கோயிலிலும் இல்லத்திலும் வழிபடும் திருவுருவத்தை, அன்பர்கள் நீராட்டவும் உடுத்தவும் உணவு படைக்கவும் காத்திருக்கும்படி தன்னைத் தாழ்த்திக்கொண்ட இறைவனின் எளிமையாகக் காண்கிறது. இந்தப் பார்வையில் உருவம் சிற்பியின் படைப்பாக நின்றுவிடுவதில்லை, இறைவன் தானே விரும்பி ஏற்ற உடலாகிறது. சைவ ஆகமமோ இறைவன் எங்கும் நிறைந்தவன் என்பதை ஏற்று, அந்த நிறைவு ஓரிடத்தில் விளங்கித் தோன்றுவதற்கே ஆவாகனம் என்னும் அழைப்புச் சடங்கு என்கிறது. திருப்பணி நடக்கும் காலத்தில் மூலவரிடமுள்ள தெய்வ ஆற்றலைக் குடநீருக்கும் பாலாலயம் என்னும் தற்காலிகச் சன்னிதிக்கும் மாற்றி, குடமுழுக்கின்போது மீட்டுக் கொண்டுவரும் வழக்கம் இதனால் ஏற்பட்டது. இரு சமயங்களும் ஒரு முடிவில் ஒன்றுபடுகின்றன: தெய்வம் கல்லின் குணமும் அன்று, கல்லைச் செதுக்கியவனின் ஆக்கமும் அன்று. தான் செய்ததையே மனிதன் வணங்குகிறான் என்னும் குற்றச்சாட்டுக்கு, செய்தவன் அதன்மேல் உரிமை கொண்டாடாமல் விலகிவிடுகிறான் என்பதே மரபு தரும் விடை.

கொள்கை அளவில் இந்த விடை வலுவானது. தன் திறமைக்குத் தானே அடிமையாகும் ஆபத்து எல்லாக் கைவினைஞருக்கும் உண்டு என்பதைப் பாலக்காட்டு மண்ணின் பெருந்தச்சன் கதை நினைவூட்டுகிறது. பறைச்சி பெற்ற பன்னிரு குலத்தாருள் ஒருவராகக் கேரள மரபு போற்றும் பெருந்தச்சன், தன்னினும் வல்லவனாக வளர்ந்த மகன்மேல் உயரத்திலிருந்து உளியை நழுவவிட்டு அவன் சாவுக்குக் காரணமானார் என்பது கதை. அதே பெருந்தச்சன் பாலக்காட்டு மாவட்டத்தின் பன்னியூர் வராகமூர்த்தி கோயிலில் தம் உளியையும் முழக்கோலையும் விட்டுச் சென்றதாக இன்னொரு ஐதீகம் கூறுகிறது. முதற்கதையில் அவர் விட்ட உளி, இது என்னுடையது என்னும் பற்றால் விழுந்தது. இரண்டாம் கதையில் அவர் விட்ட உளி அந்தப் பற்றைத் துறந்ததன் அடையாளம்.

ஆயினும் இந்த விலகல் இரண்டு வகைகளில் பொருள்படக்கூடும். படைத்தவன் தானே உரிமையைத் துறப்பது ஒன்று. அவனைத் தாழ்ந்தவன் என்று பிறர் வெளியே நிறுத்துவது மற்றொன்று. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்: இரு நிலையிலும் சிற்பி வாசலுக்கு வெளியேதான் நிற்பான். இந்த மயக்கத்தைத் தீர்க்கும் அளவுகோல் வைணவ மரபுக்குள்ளேயே கிடைக்கிறது. பிள்ளை லோகாசாரியர் சிறீவசன பூஷணத்தில், அர்ச்சை உருவம் எந்தப் பொருளால் ஆனது என்று ஆராய்வதைப் பெருங்குற்றம் என்று கொண்டு, அடியாருடைய பிறப்பை ஆராய்வது அதனினும் கொடியது என்று வைத்தார். தெய்வத்தின் முன் நிற்கும்போது கல் எந்த மலையில் பிறந்தது என்று கேட்பது தவறானால், அதைச் செதுக்கியவன் எந்தக் குலத்தில் பிறந்தான் என்று கேட்பது அதைவிடப் பெரிய தவறு என்பது இதிலிருந்து இயல்பாகப் பெறப்படும் முடிவு.

கல் வழிபாட்டை நேராகத் தாக்கியவர்களும் உண்டு. உள்ளத்தில் உறையும் இறைவனை விட்டுவிட்டு நட்டுவைத்த கல்லைச் சுற்றுவதைச் சித்தரான சிவவாக்கியர் கண்டித்தார். கேரளத்தின் சமூகச் சீர்திருத்தத் துறவியான நாராயணகுரு வேறொரு வழியை மேற்கொண்டார். 1888ஆம் ஆண்டு சிவராத்திரியில் அருவிப்புறத்தில் நெய்யாற்றில் மூழ்கி எடுத்த, உளி படாத ஒரு கல்லைச் சிவனாக நிறுவியபோது, சிற்பி, ஆசாரியர், குலம் என்னும் மூன்று நிபந்தனைகளையும் அவர் ஒரே செயலில் கடந்தார். 1927இல் களவங்கோட்டில் அவர் கருவறையில் கண்ணாடியை நிறுவியதும் அதே சிந்தனையின் தொடர்ச்சி. கல்லையே மறுக்காமல், கல்லுக்குத் தெய்வத்தன்மை தரும் அதிகாரம் ஒரு பிரிவினருக்கு மட்டும் உரியது என்பதை மறுத்ததுதான் நாராயணகுருவின் தனித்தன்மை.

மலம்புழை அணையின் பூங்காவிலுள்ள யட்சி இதற்கு நேர்மாறான சான்று. 1969இல் கானாயி குஞ்ஞிராமன் சிமெண்டுக் கலவையால் ஆக்கிய, ஏறத்தாழ 30 அடி உயரமுள்ள இந்த ஆடையற்ற பெண்ணுருவம் முதலில் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. இன்று பாலக்காட்டின் அடையாளங்களுள் ஒன்றாகிவிட்ட அந்தச் சிலையோடு சிற்பியின் பெயரும் இணைந்தே வழங்குகிறது. யட்சி என்னும் பெயர் கேரளத்தில் அச்சத்தோடும் வழிபாட்டோடும் தொடர்புடையதாயினும் இந்த யட்சிக்கு விளக்கேற்றுவாரில்லை. அது கலைப்படைப்பாக நிலைபெற்றுவிட்டது. கலைப்படைப்புக்கு ஆக்கியோன் பெயர் இன்றியமையாதது. அப்படியானால் சிற்பியின் பெயர் நிலைத்தால் தெய்வம் விலகும், தெய்வம் நிலைத்தால் பெயர் அழியும் என்று விதியாகச் சொல்லிவிடலாமா என்னும் ஐயம் எழுகிறது.

கனடாவின் வடதுருவப் பகுதியில் வாழும் இனுவிட் மக்களின் அனுபவம் இந்த ஐயத்தின்மீது எதிர்பாராத வெளிச்சம் பாய்ச்சுகிறது. பாலக்காட்டு அடுக்களைகளில் காணும் கல்சட்டிக்குரிய மாக்கல்லுக்கு இனமான கல்லில் அவர்கள் விளக்கும் சமையல் கலமும் செய்து வந்தனர். தந்தத்தில் சிறு காப்புருவங்களைச் செதுக்கினர். 1948இல் இனுக்ஜுவாக் என்னும் ஊருக்கு வந்த ஜேம்ஸ் ஹூஸ்டன் என்னும் ஓவியர் திரட்டிச் சென்ற உருவங்கள் 1949இல் மாண்ட்ரியலில் விற்கப்பட்ட பின்னரே, கற்சிற்பம் அவர்களுக்கு வாழ்வளிக்கும் தொழிலாகப் பெருகியது. கிங்ஙைட் என்னும் ஊரைச் சேர்ந்த ஓசுய்டொக் இப்பீலீ (1923–2005), மெல்லிய கால்களில் எடை தாங்கி நிற்கும் பனிக்கலைமான்களைக் கல்லில் வடிப்பதில் பெயர்பெற்றவர். உயிர்க்கும் பொருளுக்கும் அதனதன் உள்ளுறை ஆவி உண்டு என்று முன்னோர் நம்பிய மண்ணில், கிறித்தவராகிவிட்ட அக்காலச் சிற்பிகள் வழிபாட்டுக்கென்று செதுக்கவில்லை. தொலைவிலுள்ள வாங்குவோருக்காகச் செதுக்கினர். குடும்பப் பெயர் வழக்கம் இல்லாத அம்மக்களை அடையாளம் காண 1941 முதல் கனடிய அரசு எண் பொறித்த வட்ட வில்லைகளை வழங்கியிருந்ததால், சிற்பிகள் பலர் தம் சிலையின் அடிப்புறத்தில் பெயருக்குப் பதிலாக அந்த எண்ணைப் பொறித்தனர். பின்னர்தான் தம் மொழியின் எழுத்தில் பெயரையே பொறிக்கும் வழக்கம் பரவியது. தெய்வம் ஆகாத கல்லிலும் செய்தவன் பெயர் மறைய முடியும் என்பதையும், அந்த மறைவுக்குக் காரணம் ஆன்மிகமன்று, அதிகாரம் என்பதையும் இது காட்டுகிறது. துறப்பதற்குக்கூட முதலில் ஒரு பெயர் இருந்தாக வேண்டும்.

பெயரும் பணிவும் ஒருவரிடம் சேர்ந்திருக்க முடியும் என்பதற்குத் தமிழகத்திலேயே சான்று உண்டு. 1927இல் பிள்ளையார்பட்டியில் சிற்பியர் குடும்பத்தில் பிறந்த வை. கணபதி ஸ்தபதி, 1957இல் மாமல்லபுரத்தில் தொடங்கிய அரசுச் சிற்பப் பயிலகத்தைத் தம் தந்தை வைத்தியநாத ஸ்தபதிக்குப் பின் ஏற்று, 27 ஆண்டுகள் நடத்தினார். சிற்பச் செந்நூல் என்னும் நூலில் குலத்துக்குள் மறைபொருளாக இருந்த அளவைகளை எல்லாரும் கற்கும்படி எழுதிவைத்தார். கண்ணகி கதையைப் பூம்புகார்ச் சிலப்பதிகாரக் கலைக்கூடத்தில் கல்லாக்கியவரும், 1990இல் பணி தொடங்கி 2000ஆம் ஆண்டு சனவரி 1இல் திறக்கப்பட்ட 133 அடி உயரக் குமரி வள்ளுவர் சிலையை எழுப்பியவரும் அவரே. 2009இல் பத்மபூஷண் பெற்ற அவர் 2011இல் மறைந்தார். அவர் செய்த தெய்வ உருவங்கள் உலகெங்கும் வழிபாட்டில் உள்ளன. செய்தவர் பெயர் தெரிந்திருப்பதால் அவற்றின் முன் நிற்கும் அன்பர் எவருடைய பக்தியும் குறைந்துவிடவில்லை.

மங்கலதேவி கோயிலும் இதே முடிவுக்கே இட்டுச் செல்கிறது. நாள்தோறும் பூசை இல்லாத இடத்தில் தெய்வ ஆற்றல் தங்காது என்பது ஆகமத்தின் பொதுவிதி. அங்கோ ஆண்டில் சித்திரா பௌர்ணமி ஒரு நாள் மட்டுமே, இடுக்கி, தேனி மாவட்ட நிருவாகங்களின் கண்காணிப்பில் மக்கள் அனுமதிக்கப்படுகின்றனர். கூரையிழந்த கற்சுவர்களுக்கு நடுவே தமிழிலும் மலையாளத்திலும் வேண்டுதல்கள் எழுகின்றன. குமுளியிலிருந்து காட்டுவழியிலும், கூடலூர்ப் பக்கம் பளியங்குடியிலிருந்து செங்குத்தான ஒற்றையடிப் பாதையிலும் ஆயிரக்கணக்கானோர் ஏறி வருகின்றனர். ஆகமவிதி நோக்கினால் அங்கே இருப்பது வெறும் கல். ஏறி வருவோரின் அன்பு அதைத் தெய்வமாக ஏற்கிறது. தெய்வத்தன்மை பேணுவோரின் உறவில் நிலைபெறுகிறது என்றால், அந்த உறவின் முதற்கண்ணி கல்லோடு மாதக்கணக்கில் வாழ்ந்த சிற்பியே. அவரை உறவிலிருந்து நீக்கிவிட்டுப் பேசும் எந்தக் கொள்கையும் தன் அடித்தளக் கல்லைத் தானே பெயர்த்துக்கொள்கிறது.

ஆகவே, படைத்தவன் விலக வேண்டும் என்பது தெய்வத்தைப் பற்றிய உண்மையாக ஏற்கத்தக்கது. படைத்தவனை மறக்கலாம் என்பதற்கு அது சான்று ஆகாது. தஞ்சைப் பெரியகோயிலின் கல்வெட்டு அதைக் கட்டிய வீரசோழன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சனைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. அதனால் அங்குள்ள இறைவனுக்குப் பெருமை குறைந்ததாக எவரும் கூறியதில்லை. இன்று குடமுழுக்கின்போது பதிக்கப்படும் சலவைக்கல்லில் அமைச்சர், அறங்காவலர், நன்கொடையாளர் ஆகியோரின் பெயர்கள் நிரம்பி வழிகின்றன. எல்லையின் இருபுறமும் உள்ள கோயில் நிருவாகங்கள் அந்தப் பட்டியலின் முதல் வரியில் மூலவரைச் செதுக்கிய ஸ்தபதியின் பெயரையும் ஊரையும் பொறிக்கும் வழக்கத்தைத் தொடங்க வேண்டும்.